நீள மேசையின் கடைசிச் சொல்

மஹய்யாவ தொழிலாளர் லைன் வீடுகளில் வசிக்கும் நிரோஷினி மாநகரசபைக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராகி ஏழு வருடம். அப்பா வீரய்யா அதே சபையில் வீதி கூட்டியவர்.

களஞ்சிய இடாப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் பொருள்தான் முன்னால் வரும். எப்படிப்பட்டது என்பது பின்னால் வரிசையில் நிற்கும். ‘செயார், வுடன், பிரவுன்.’ ‘பக்கெட், பிளாஸ்டிக், ஸ்மோல்.’ பள்ளிக்கூடத்து ஆங்கிலத்துக்கு இது தலைகீழ். எழுதி எழுதி அதுவே அவள் மனதுக்குள் பேசும் நடையாகிவிட்டது. பனி விலகாத காலையில் வேலைக்கு நடக்கும்போது தனக்குள் பதிந்துகொண்டே போவாள்: மலை, நீலம், பாதி கரைந்தது. வாவி, சாம்பல், இன்னும் எழும்பாதது.

வருடக் கடைசியில் கணக்கெடுப்புக் குழு வந்து ஒவ்வொரு பொருளுக்கும் கடைசியாக ஒரு சொல் சேர்க்கும். ‘கண்டெம்ட்’ என்று விழுந்தால் பொருள் விறகுக்குப் போகும்.

இந்த முறை, மஹய்யாவ சனசமூக நிலையத்துக்குச் சபை கொடுத்திருந்த நீள மேசையின் முறை. விடியற்காலையில் அதன் முன் உட்கார்ந்துதான் அவள் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். பரீட்சைக்கு ஐந்து மாதம். அந்த லைன் வீடுகளில் யாருடைய பெயருக்குப் பின்னாலும் இன்னும் ஒரு பட்டம் ஏறவில்லை.

“டேபிள், வுடன், லோங்,” என்று சொல்லிவிட்டுக் குழுத் தலைவர் நஸீம் மேசையை ஆட்டிப் பார்த்தார். “பொறகு என்ன எழுதுவம் புள்ள?”

அவள் பேனையை அவர் பக்கம் நகர்த்தினாள். “நீங்களே எழுதுங்க சேர். இதுலதான் நான் படிக்கிறேன். நான் எழுதினா சரியில்ல.”

“கட்டில்ல உக்காந்து படிச்சா ஏறாதா?”

“வீட்ல ஏழு பேரு சேர். கட்டிலுக்கே முறை வச்சிருக்கோம்.”

நஸீம் சிரிக்காமல் குனிந்து, மேசையின் உளுத்த கால் ஒன்றை நகத்தால் சுரண்டினார். மற்ற மூன்றையும் தட்டிப் பார்த்தார். வெளியே மழை பிடித்திருந்தது. கூரைத் தகரத்தில் அது விழும் சத்தத்தில் அவள் எங்கோ மிதந்துபோனாள். மேசை மட்டும் கூடவே மிதந்தது.

“ரிப்பேரபல்,” என்று எழுதியபடியே வாசித்தார் அவர். “மூணு காலு நல்லா ஈக்கிது, அதால எழுதின. மூணு மாசத்துக்குள்ள புதுக் கால் ஒண்டு போடுங்க. இல்லாட்டி வந்து வேற எழுதுவன்.”

சனிக்கிழமை சபை வேலைப்பகுதித் தச்சன் ரமேஸ் பலாக் கட்டையில் ஒரு கால் செய்து வந்து பூட்டினான். அது மற்ற மூன்றையும் விட அரை விரல் உயரமாக நின்றது.

“சீவிவிடவா அக்கா?”

“வேணாம்பா. மண் தரைதானே, மழை ஈரத்துல தானா இறங்கிடும்.”

மேசையின் உயர்ந்த மூலையிலிருந்து உருண்டு வந்த பென்சிலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவள் பாடப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள்.