அவளுக்கு மட்டும் தெரிந்த கல்லறை

என் மனைவி இறந்த மறுநாள் காலை மாதா கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார்.

"கல்லறைத் தோட்டத்துல புதுக் குழிக்கு எடம் இல்லப்பா. ஒங்க பொண்ணு குழியத்தான் தொறக்கணும். எதுன்னு வந்து காட்டிடு."

எது என்று எனக்குத் தெரியாது.

மகள் ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். புதைத்த அன்று நான் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டவில்லை. பிறகு பதினாறு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலை. கல்லறைத் திருநாள் வந்தால் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மனைவி மட்டும் சுண்ணாம்பு வாளியோடும் சாமந்தியோடும் போவாள். ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

அன்றுதான் கேட்டைத் தாண்டினேன். உள்ளே முன்வரிசையில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கல்லறைகள். ஆளுயரத் தூண்கள், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள், ஒற்றைச் சிறகு உடைந்த ஒரு சம்மனசுச் சிலை. அவற்றுக்குப் பின்னால் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன சிமெண்ட் சிலுவைகள். பெயின்ட் அழிந்த பெயர்களைக் குனிந்து குனிந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

குழி வெட்டும் பெரியவர் கடப்பாரையோடு வந்தார். யாரென்று கேட்டுவிட்டு, என்னைச் சம்மனசுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். வெள்ளையடித்த சின்னச் சிலுவை. அதில் மகளின் பெயர், மனைவியின் கையெழுத்தில்.

"மாசா மாசம் வருவாங்க," என்றார்.

"வந்து இன்னா பண்ணுவா?"

"இந்தச் சம்மனசு படியில ஒக்காந்து கொழந்தைகிட்ட பேசிக்கினு இருப்பாங்க. அப்பாவுக்கு வேலை இருக்குது, அடுத்த வாட்டி இட்டாறேம்மான்னு சொல்லுவாங்க. நான் புல்லு வெட்டறப்போ காதுல வுழும்."

அவர் வெட்டத் தொடங்கினார். நான் நகரவில்லை. எலும்பு கொஞ்சம்தான் கிடைத்தது. வீட்டுக்குப் போய் மனைவியின் கல்யாணப் புடவையில் ஒரு முழம் கிழித்துவந்து அதில் கட்டினேன்.

சாயங்காலம் சாமியார் குழியை மந்திரித்து ஜெபம் முடித்தார். எலும்பு மூட்டையைப் பெட்டிக்குள் கால்மாட்டில் வைப்பதுதான் வழக்கம் என்று யாரோ சொன்னார்கள்.

"நெஞ்சு மேல வைக்கிறேன்," என்றேன். மூட்டையை அவள் நெஞ்சில் வைத்தேன். அவள் கையைத் தூக்கி அதன்மேல் போடப் பார்த்தேன். விறைத்த கை மடங்கவில்லை. அப்படியே கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகி வைத்தேன்.

பெட்டி இறங்கியதும் மண் போடச் சொன்னார்கள். அள்ளிய மண்ணோடு என் கை மூடியபடியே நின்றுவிட்டது. மைத்துனன் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.