தாளை ஒதுக்கு நைனா

எங்கள் நைனாவுக்கு வெட்கம் என்பதே கிடையாது என்று ஏழாம் வகுப்பில் நான் முடிவு கட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கவரைப்பேட்டை பக்கம் உருக்காலைக் கசடு கொட்டிய மேட்டில் ஒரு பழைய மெட்டல் டிடெக்டரோடு நிற்பார். கசடில் சிக்கிய இரும்புத் துண்டுகளைப் பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் போடுவார். என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது கூட வந்தால், நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடப்பேன்.

அப்படி நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த மனிதர் ஒருநாள் மதியம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சத்துணவு சமைக்கும் அக்காவின் தாலிப்பொட்டு முந்தின நாள் காணாமல் போயிருந்தது. மஞ்சள் கயிறு இற்றுப்போய், கைகழுவும் குழாயடியில் விழுந்து, பிள்ளைகள் மிதித்த மிதியில் சேற்றுக்குள் போயிருக்க வேண்டும். மிக மெல்லிய தகடு. கல்யாணத்தில் வந்த தங்கத்தில் அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கை முடிந்துகொண்டு காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து அழுதாள். நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த நைனா படுக்கக்கூட இல்லை.

சாப்பாட்டு மணி அடித்திருந்ததால் பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. இரும்பு என்றால் மெஷின் தடித்த குரலில் உறுமும். அதை நைனா தாண்டிப் போனார். செம்பு என்றால் கீச்சென்று கத்தும். அதையும் விட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு சன்னமான சத்தம் வந்தால் மட்டும் மண்டியிட்டுத் தோண்டினார். முதலில் வந்தது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். அடுத்ததும் வெள்ளித்தாள்தான்.

"இன்னாடி, உங்கப்பா நம்ம ஸ்கூல்ல குப்ப கூட்டிக்கினு கீறாரா?" என்றான் என் வகுப்புப் பையன் ஒருவன்.

அதற்கடுத்து வந்தவை மாத்திரைகள். வியாழக்கிழமைதோறும் எங்களுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரை குமட்டும் என்பதால், பெண் பிள்ளைகள் நாங்கள் உறையைக்கூடப் பிரிக்காமல் குழாயடியில் புதைத்துவிட்டு விழுங்கினதாகச் சாதிப்போம். பெயரில்தான் இரும்பு. மெஷின் கத்தியது அதைச் சுற்றியிருந்த தாளுக்கு. நைனா ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் வைக்க, பெரிய டீச்சர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். அதில் எத்தனை என்னுடையவை என்று எனக்கே தெரியாது.

நான் நைனாவுக்குக் கிட்டே போய்க் குனிந்தேன்.

"தாளுக்குக் கத்தாம இருக்க ஒரு திருகு கீதே நைனா, அத்த திருப்பு. எல்லாரும் சிரிக்கிறாங்கோ. எனக்கு மானம் போவுது."

"மெல்லிசுத் தங்கமும் இந்தத் தாளும் மெஷினுக்கு ஒரே சத்தம்தாம்மா. அத்த ஒதுக்குனா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டுத் திருகைத் திருப்பினார்.

அதன் பிறகு அந்தச் சன்னமான சத்தம் வரவே இல்லை. இரண்டு முறை அந்த இடத்தைச் சுற்றி வந்தார். கீச்சென்ற இடத்தைக்கூடத் தோண்டியதில் ஒரு செப்புக் கம்பித் துண்டு கிடைத்தது. பையன்கள் சலித்துப்போய் விளையாடப் போய்விட்டார்கள்.

"காணோம்மா. என் மெஷினு பழசு," என்று அந்த அக்காவிடம் சொன்னார்.

"நீ இன்னாண்ணா பண்ணுவ," என்று அவள் மஞ்சள் கிழங்கைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை அந்தக் கழுத்தில் கிழங்குதான் இருந்தது. முட்டை போடக் குனியும்போதெல்லாம் தெரியும். இதை எழுதும்போதும் எனக்கு முகம் எரிகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நைனாவை அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்ட நினைப்பில், சாயங்காலம் அவர் சைக்கிளின் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். அவர் வழியெல்லாம் தலையைக் குனிந்தே மிதித்தார். மெஷின் காலை வாரிவிட்ட வருத்தம் என்று நினைத்து, "வேற மெஷினு வாங்கிக்கலாம் நைனா," என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

"மெஷினு நல்லாதாம்மா கீது," என்றார்.

பிறகு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.