சுடாத தார்ச்சாலை

என் மனைவியின் தம்பி லூர்துசாமி, கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் புண்களுக்குக் கட்டுப் போட்டவர். நான் அங்கேயே பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அறையை ஒட்டி அவர் அறை. சர்க்கரைக்காரர்களை அவர் அதட்டுவது சுவர் தாண்டிக் கேட்கும்.

“செருப்பில்லாம நடந்தியா? கால் சுடலன்னு சந்தோஷமா? சுடலன்னாதான்யா பயப்படணும். நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம்!”

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கே சர்க்கரை வந்தது. மாத்திரை தவறவில்லை, வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றவில்லை. 2009 மார்ச்சில், கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, மகள் ஜெயராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக மாதாவிடம் வேண்டியிருந்ததை அப்போதுதான் சொன்னார்.

“வேன்ல போங்கப்பா, மாதா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க” என்று ஜெயராணி அழுதாள்.

“அறுபத்தி நாலு வயசாவுது. எனக்குத் தெரியாதா?”

ஆகஸ்டில் காவி வேட்டி கட்டிக் கிளம்பிவிட்டார். தடுக்க முடியாமல் நானும் போனேன். அவர் செருப்பு என் பையில் இருந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் வெயில் ஏறியது. கூட வந்த இளவட்டங்கள் தாரை விட்டு ஓரத்துப் புல்லுக்குத் தாவினார்கள். லூர்துசாமி தார் மேலேயே நடந்தார்.

“ஓரமா வா மச்சான்.”

“எனக்குச் சுடவே இல்ல மாமா. மாதா தாங்குறாங்க.” முகமெல்லாம் பூரிப்பு.

அவர் நோயாளிகளுக்குச் சொன்னதையே சொல்லிக் காட்டினேன்.

“அது வியாதிக்காரனுக்கு மாமா. இது வேண்டுதல்.”

மறுநாள் சிதம்பரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் தோல் உரிந்து தொங்கியது. அவரும் குனிந்து பார்த்தார். பழைய குரல் வந்தது.

“இத இன்னைக்கே பெட்ல சேக்கணும்.”

சொல்லிவிட்டுப் பஞ்சும் துணியும் எடுத்துத் தானே கட்டிக்கொண்டார். அழகான கட்டு. செருப்பை நீட்டினேன். வாங்கவில்லை.

“கொள்ளிடம் தாண்டித் தங்கிக்கலாம், வாங்க.”

கடலூர் பஸ் ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எழுபத்தொரு வயதில் அவரைத் தூக்கி அதில் போட என்னால் ஆகுமா? பின்னால் நடந்தேன்.

அக்டோபரில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் பக்கத்துக் கட்டில்காரரை அதட்டிக்கொண்டிருந்தார்.

“சுடலன்னா பயப்படணும்யா! மாமா, நீங்களாச்சும் இவருக்குச் சொல்லுங்க.”

அந்த ஆள் லூர்துசாமியின் போர்வையில் கால் இல்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.