ஐம்பது ஐம்பதாய்த் தாண்டிய கோடு

பட்டறையில் அவளுக்குப் பெயர் கோட்டுக்காரி. யார் வைத்தது என்று தெரியாது, ஒன்பது வருஷமாக அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சலவை ஆலைகளுக்கும் மாவு ஆலைகளுக்கும் பெரிய இரும்புக் காற்றாடிகள் செய்கிற பட்டறை அது. ஒவ்வொரு காற்றாடியும் எந்த வேகத்தில் எவ்வளவு அதிரும் என்று கணக்குப் போட்டு, கோடாக வரைந்து, வாங்குகிறவர்களுக்குத் தாளில் அச்சடித்துக் கொடுப்பது அவள் வேலை. பள்ளிக்கூடத்தில் ஸ்கேலை அழுத்திப் பிடித்தாலும் அவளுக்குக் கோடு நேராக வந்ததில்லை. கம்ப்யூட்டர் கை கொடுத்தது.

அவள் பயன்படுத்திய மென்பொருளுக்கு மூன்று எண்கள் சொன்னால் போதும்: எங்கே தொடங்குவது, எத்தனை எத்தனையாகத் தாண்டுவது, எங்கே நிறுத்துவது. தாண்டி நிற்கும் ஒவ்வொரு வேகத்திலும் அது அதிர்வைக் கணக்கிட்டு ஒரு புள்ளி வைக்கும். பிறகு புள்ளிகளை இணைக்கும். தாளைப் பார்க்கிறவர்களுக்குத் தெரிவது கோடு மட்டும்தான். அதில் எந்த இடம் கணக்கிட்டது, எந்த இடம் சும்மா இணைத்தது என்பது வரைந்தவளுக்குத்தான் தெரியும்.

அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அத்தான், அக்காவின் கணவர். அதே பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: இறுக்கி. அவர் முறுக்கிய போல்ட்டை அவரே வந்தால்தான் கழற்ற முடியும் என்பார்கள். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கீற்று இழுத்துவிடுவார். "நானும் கோட்டுக்காரன்தான்மா. உன் கோட்டுக்கு கரண்ட் வேணும், என் கோட்டுக்கு பிரஷ் போதும்" என்று அவளைச் சீண்டுவார். வீட்டிலும் அதே கைதான். சர்க்கரை டப்பாவை அவர் மூடிவிட்டால் அக்கா எதிர்வீட்டுக்காரரிடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

சலவை ஆலைக்குப் போன காற்றாடி மூன்றாவது வாரத்தில் உதறிக்கொண்டு, முன்பக்கத்துக் கம்பி வலையைக் கழற்றி எறிந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வலையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் நான்கும் காணவில்லை. குப்பையோடு குப்பையாகப் பெருக்கித் தள்ளிவிட்டார்கள். வெள்ளைக் கீற்று இருந்ததா இல்லையா என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. போல்ட் கழன்றால் யாரைக் கேட்பார்கள்? மாட்டிய அத்தானைத்தான்.

"இறுக்கியே இளக்கிட்டாரு பார்த்தியா" என்று ஸ்டோர்கீப்பர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சிலர் சிரித்தார்கள். அத்தான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று அவளுக்கு வந்தது கோபம் மட்டும்தான். மூன்றாம் நாள் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தபோது கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

அந்தக் காற்றாடிக்கு அவள் வரைந்த கோடு கண்ணுக்கு அழகாக இருந்தது. நிமிஷத்துக்கு 600 சுற்றில் தொடங்கி 1800 வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே அவள் கையெழுத்து: எந்த வேகத்திலும் ஓட்டலாம். சலவை ஆலைக்காரர்கள் 1175இல் வைத்து ஓட்டியிருந்தார்கள்.

கோப்பைத் திறந்தாள். 600:50:1800. ஐம்பது ஐம்பதாய்.

அந்தச் சாயங்காலம் முழுசாக நினைவுக்கு வந்தது. முதலில் அவள் ஒன்று ஒன்றாகத்தான் போட்டிருந்தாள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் புள்ளி. முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அக்கா மகளின் பிறந்தநாள். அத்தான் வண்டியை உறுமவிட்டபடி ஜன்னலுக்கு வெளியே நின்றார். "என்னம்மா, வர்றியா? இல்ல அந்தப் பெட்டியையே கல்யாணம் பண்ணிக்கப் போறியா? குழந்தை கேக்கை வெட்டாம உட்கார்ந்திருக்கு."

ஓடிக்கொண்டிருந்த கணக்கை நிறுத்தி ஒன்றை ஐம்பதாக்கினாள். இரண்டே நிமிஷம். கோடு ஒடிந்து ஒடிந்து முட்டி முட்டியாக வந்தது. வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காதே என்று புள்ளிகளின் மேல் ஒரு வழவழப்பான வளைவை ஓடவிட்டாள். 1150இலும் 1200இலும் புள்ளிகள் கொஞ்சம் தலையைத் தூக்கியிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வளைவு அவற்றை ஒரு சின்ன மேடாக மழுப்பிவிட்டது. அச்சடித்தாள், கையெழுத்துப் போட்டாள், வண்டியில் ஏறினாள்.

இப்போது ஐம்பதை மறுபடி ஒன்றாக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் காத்திருந்தாள். 1175க்கு நேராகக் கோடு ஊசி மாதிரி எழுந்து திரையின் உச்சியைத் தொட்டது. அந்த வேகத்தில் எவ்வளவு இறுக்கிய போல்ட்டும் நிற்காது. அவள் தாண்டிக் குதித்த இரண்டு புள்ளிகளுக்கு நட்டநடுவில் அது நின்றிருந்தது.

கோப்பை மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

நாளை சொல்லலாம் என்று எட்டு நாள் போயிற்று. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாக்கு கையோடு இருந்தது. மேனேஜர் வெளியூர். மேனேஜர் வந்துவிட்டார், ஆனால் கடுகடுவென்று இருக்கிறார். இருபத்திரண்டு வருஷ ஆளை எச்சரித்து விட்டுவிடுவார்கள். அவளையோ அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அத்தான் எதிரே வந்தால் கழிப்பறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் அக்கா வரச் சொன்னாள். சமையலறையில் குரலைத் தாழ்த்தி, "உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சுடி. கதவைத் தாழ்போட்டுட்டுப் படுக்குறாரு, எழுந்து வந்து பார்க்குறாரு. படுக்குறாரு, மறுபடி வர்றாரு. டப்பாவை மூடுறாரு, திறக்குறாரு, மறுபடி மூடுறாரு. நீ ஆபீஸ்ல இருக்கியே, ஏதாவது கேள்விப்பட்டியா?" என்றாள்.

"இல்லக்கா."

அந்த ஒரு சொல் தன் வாயிலிருந்து எத்தனை சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அத்தான் கூடத்தில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார். "வா, நீதான் நல்லா எழுதுவே. இதைப் பார்த்து சரி பண்ணிக் குடு. காலைல குடுக்கணும்" என்று நீட்டினார். போல்ட்டுகளைச் சரியாக இறுக்க மறந்திருக்கலாம், பொறுப்பை ஏற்று வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

"நீங்க மறந்தீங்களா அத்தான்?"

"தெரியலம்மா. முதல்ல மறக்கலன்னு அடிச்சுச் சொன்னேன். நாலு பேர் நாலு நாள் கேட்டதும்... மூணு போல்ட் இறுக்கினது கண்ணுல நிக்குது. நாலாவது நிக்கல." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தனுக்குத் தோள் போயிடுச்சு. இந்தக் கையை வெச்சுக்கிட்டு இனிமே எதைத் தொடுறது, சொல்லு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்கு அத்தானுக்கு முன்னால் போய் நின்றாள். பழைய கோட்டுத் தாளையும் புதிதாக அச்சடித்த தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சார், போல்ட் தானா கழரல. என் கோடுதான் கழட்டிச்சு."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஊசியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மறுபடி ஊசியைப் பார்த்தார். "இது எப்ப தெரியும் உனக்கு?"

"எட்டு நாள் ஆச்சு சார்."

"எட்டு நாளா? இதே மாடல் இன்னும் ரெண்டு இடத்துல ஓடுதும்மா!"

அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. எட்டு நாளும் அவள் நினைத்தது ஒரு வேலையை, ஒரு கையெழுத்தை. மேனேஜர் அவள் எதிரிலேயே தொலைபேசியை எடுத்தார். ஒரு மாவு ஆலையில் 900இல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் 1160. நிறுத்தச் சொல்லிக் கத்திய குரல் வெளியே பட்டறை வரை கேட்டது.

பிறகு அத்தான் கொண்டுவந்து நீட்டிய கடிதத்தை மேனேஜர் கிழித்துப் போட்டார். சலவை ஆலைக்குப் பட்டறையின் தவறு என்று எழுதிப் போயிற்று. அவளை அனுப்பவில்லை. ஆனால் இனி அவள் வரைகிற ஒவ்வொரு தாளிலும் புள்ளிகள் தெரிய வேண்டும், இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டோர்கீப்பர் அத்தானுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மன்னிப்பை அவர் அதற்கு மேல் நீட்டுகிற ஆள் இல்லை.

வாசலில் அத்தான் வண்டியருகே நின்றிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். எதையெதையோ சொல்ல நினைத்திருந்தாள். "நீங்க அன்னிக்குக் காத்திருந்தீங்க, அவசரத்துல..." என்று ஆரம்பித்தவள், பழியைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளப் பார்க்கிறோம் என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"தப்பு யாருக்கும் வரும்" என்றார் அத்தான், அவளைப் பார்க்காமல். "நேத்து அந்தக் கடுதாசியைத் திருத்திக் குடுத்தியே. அப்ப உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். வண்டியைக் கிளப்பவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்து போனார்.

ஒரு மாதம் கழித்து அக்காதான் பிடிவாதமாக அவளை வீட்டுக்கு இழுத்து வந்தாள். அத்தான் இரண்டொரு வார்த்தை பேசினார். டீ போட்ட பிறகு சர்க்கரை டப்பாவை மூடி, பழைய வழக்கப்படி அவளிடம் தள்ளினார். "திற பார்ப்போம்."

பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். மூடி அசையவில்லை. அக்கா மகள் கைகொட்டிச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அத்தானும் சிரித்தபடி டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தார்.

எல்லோரும் வேறு பேச்சுக்குப் போன பிறகு அவர் எழுந்து அலமாரிக்குப் போனதை அவள் மட்டும் பார்த்தாள். டப்பாவைத் திறந்தார். மறுபடி மூடினார். மூடியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய இடத்தில் வைத்தார்.