கோழி லொறியை மறித்த டொக்டர்

செய்தி வந்தபோது நான் பண்டத்தரிப்பில் ஒரு பண்ணையில் நின்றேன். "தவமலர் டொக்டர் மோசம் போயிட்டா. மாரடைப்பாம்" என்றார் தொலைபேசியில் பேசியவர். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

கரவெட்டியில் அவர் வீட்டு ஒழுங்கையெங்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள். மிகப் பெரியது கோழி வியாபாரிகளுடையது. 'வாயில்லாச் சீவன்களின் தாயே' என்று எழுதியிருந்தார்கள். அவரை இந்த ஊரைவிட்டுத் துரத்தியவர்கள் அவர்களேதான். செத்தவீட்டில் இதை ஒருவரும் பேசவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அவர் மிருக வைத்தியர். நான் அவருக்குக் கீழே வேலை செய்தவன். ஒரு மாரிகாலத்தில், இங்குள்ள பெரிய பண்ணையொன்றில் முட்டைக் கோழிகள் திடீரென்று சாகத் தொடங்கின. கொண்டைகள் நீலம் பாரித்திருந்தன. பறவைக் காய்ச்சலோ என்று அவருக்குச் சந்தேகம். மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, "முடிவு வருமட்டும் ஒரு இறகும் வெளியிலை போகக்கூடாது" என்று முதலாளியிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார்.

மறுநாள் நாங்கள் போனபோது, சாகாமல் மிஞ்சிய கோழிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி புறப்பட்டுக்கொண்டிருந்தது. டொக்டர் குடையை என்னிடம் தந்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றார்.

லொறியிலிருந்து கோழி வியாபாரி இறங்கி வந்தான். "டொக்டர், உது காகம் கொண்டுவாற தொத்து வருத்தம். லொறியை மறிச்சு என்ன செய்யப்போறியள்?"

"காகத்திலை பழியைப் போடாதேங்கோ. காகம் கோழிக்கூடு ஏத்தி இறக்குறேல்லை. உங்கடை லொறி, உங்கடை செருப்பு, உங்கடை முட்டைத் தட்டு, உதுகள்தான் வருத்தத்தைப் பண்ணை பண்ணையாக் காவுது."

அவன் யாருக்கோ தொலைபேசி எடுத்தான். சற்று நேரத்தில் மேலதிகாரி டொக்டரைத் தொலைபேசியில் அழைத்தார். சனத்தைப் பயப்படுத்த வேண்டாம், லொறியை விடுங்கள் என்றார். டொக்டர் அசையவில்லை. லொறி பின்னால் போய், வேலியை இடித்துக்கொண்டு பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குள்ளால் ஓடிவிட்டது.

அந்த லொறி, கழுவாத கூடுகளோடும் முட்டைத் தட்டுகளோடும், அடுத்தடுத்துப் பண்ணைகளுக்குப் போனது. பின்னாலேயே சாவும் போனது. கணவனை இழந்த பாக்கியம் என்ற பெண், வீட்டுக்குப் பின்னால் சிறு கொட்டகை போட்டுக் கோழி வளர்த்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. குழி வெட்டிச் சுண்ணாம்பு போடும்போது அவர் கதறினார்.

"நான் வெளிக்கோழி ஒண்டும் வாங்கேல்லையே, டொக்டர். ஒருத்தரையும் உள்ளை விடேல்லையே!"

"யாவாரி தந்த முட்டைத் தட்டு உள்ளை வந்தது, பிள்ளை. கழுவாமல் தந்தவன்ரை பிழை. உங்களிலை ஒரு பிழையுமில்லை" என்றார் டொக்டர்.

முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, வேறொரு கோழி நோய். வியாபாரிகள் எங்கள் அலுவலக வாசலில் வெடி கொளுத்தினார்கள்! டொக்டர் வெளியே வந்து நின்றார்.

"அது இல்லையெண்டு சந்தோசப்படுறியள். அது வந்தா வாற பாதையும் இதுதான். அந்தப் பாதையை நீங்கள் கூட்டித் துப்புரவாக்கி வைச்சிருக்கிறியள்."

பீதியைக் கிளப்பினார் என்று முறைப்பாடு போனது. அவரை வன்னிக்கு மாற்றினார்கள். அந்த வியாபாரிக்கு ஒன்றும் நடக்கவில்லை. லொறி இன்றும் ஓடுகிறது, கூடுகள் இன்றும் கழுவப்படுவதில்லை.

டொக்டர் பொறுமைசாலி என்று செத்தவீட்டில் ஒருவர் உரையாற்றினார். பச்சைப் பொய். அவரிடம் பொறுமை இருக்கவில்லை, இருக்க வேண்டிய தேவையுமில்லை. "ஒண்டும் நடக்காது, டொக்டர்" என்று யாராவது சிரித்தால், உடனே திருப்பிக் கேட்பார்: "நடந்தா ஆரின்ரை வீட்டிலை நடக்கும்?"

அந்தக் கேள்வியைத்தான் நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் அதைத் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் கத்திக் கேட்பேன்.