சாமைக்குள் வைத்த ஹார்ட் டிஸ்க்

என் கடை மேஜையின் இழுப்பறையில், பழைய துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடக்கிறது. கையில் எடுத்தால் உள்ளே ஏதோ கிலுக்கென்று உருளும். ஒரு சாமை மணிதான். தெரிந்தும், அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் காதோடு வைத்துப் பார்க்கிறேன்.

அது என் அண்ணனுடையது. காவலூரில் குடியிருந்து, மலை ஊர்களின் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்தவன். ஊரையே படம் பிடித்தவன் எந்த வீடியோவிலும் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல் மட்டும் உண்டு: மாப்பிள்ளையை நிமிரச் சொல்வான், பெண்ணைச் சிரிக்கச் சொல்வான். காய்ச்சலில் அவன் போன பிறகு, அண்ணி அந்த டிஸ்க்கை டிவியில் மாட்டி யார் யார் கல்யாணத்தையோ ஓடவிட்டுக்கொண்டிருப்பார். படத்தைப் பார்க்க மாட்டார். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைப்பார். அக்கம்பக்கத்தார் அதைக் கல்யாணப் பைத்தியம் என்று நினைத்தார்கள். எனக்கும் புரியச் சில மாதம் ஆனது.

ஒரு மத்தியானம் அண்ணி பஸ் பிடித்து ஒடுகத்தூரில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. திறந்தால் முழுக்கச் சாமை. நடுவில் புதைந்து அந்த டிஸ்க். துடைக்கும்போது கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டதாம். அரிசிக்குள் வைத்தால் போன் பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்ததாம். அரிசியைவிடச் சாமை உடம்புக்கு நல்லதாயிற்றே என்று சாமையில் வைத்திருக்கிறார். "அது தண்ணீரில் விழுந்த போனுக்குத்தான், அண்ணி" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"இன்னா தம்பி, உசுரு இருக்குதா?"

ஒரு மூலை நசுங்கியிருந்தது. கேபிள் செருகும் வாயெல்லாம் சாமை. குண்டூசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். காதோடு வைத்து மெல்லச் சாய்த்தபோதுதான் முதன்முதலாக அந்தக் கிலுக். தானியமா, உள்ளே உடைந்த ஏதாவதா? எத்தனையோ பேரிடம் "போச்சுங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்று முகம் மாறாமல் சொன்ன வாய் எனக்கு உலர்ந்துவிட்டது. அண்ணியிடம் அதை எப்படிச் சொல்வேன்? அவன் இன்னொரு முறை செத்துப்போனதாக நானே போய்ச் சொல்வதல்லவா அது?

விழுந்த டிஸ்க் ஓடத் தொடங்கும்போது டக் டக் என்று தட்டினால் உடனே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் மிச்சத்தையும் கீறிவிடும். சத்தம் தெளிவாகக் கேட்க ஃபேனை நிறுத்தினேன். கேபிளைச் செருகி, பிடுங்கத் தயாராக அதன்மேலேயே கையை வைத்திருந்தேன். உஸ்ஸென்று ஒரே சீராகச் சுழன்றது. தட்டவில்லை.

உடனே போடச் சொன்னார் அண்ணி. முதலில் வேறொன்றில் ஏற்றிவிடலாம் என்று மறுத்தேன். பாதியில் நகல் ஏறுவது நின்றது. அண்ணி எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றுகொண்டார். அது தானாக மறுபடி நகர்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எல்லாம் ஏறி முடிந்ததும், டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, நகலிலிருந்து ஏதோ ஒரு கல்யாணத்தைப் போட்டேன். மேளம். கூட்டம். அதற்கு மேலாக அண்ணன் குரல்:

"ஏய், கொஞ்சம் நவுரு. மறைக்கிற."

அண்ணி சட்டென்று ஒதுங்கி நின்றார்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஃபேன் போடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அந்த வீடியோக்களுக்கு மூன்று நகல்கள் இருக்கின்றன. இழுப்பறையில் இருக்கும் டிஸ்க் இனி ஓடாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் கடைக்கு வரும்போதெல்லாம் அண்ணி அந்தக் கல்யாணத்தைத்தான் போடச் சொல்கிறார். அந்த இடம் வந்ததும் இப்போதும் அரை அடி ஒதுங்குகிறார். நான் திரையைப் பார்ப்பதில்லை, அவர் காலைத்தான் பார்க்கிறேன். என்றாவது ஒருநாள் அண்ணன் சொல்லியும் அந்தக் கால் நகராமல் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.