டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் ரவிக்கை தைக்கும் பூவம்மாவிடம் அளவு கொடுக்கப் போனால், கூடவே ஒரு கதையும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தம்பி சேதுபதிக்குத் தன் கிட்னியைக் கொடுத்த கதை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தழும்பு இருக்கும் இடத்தைச் சேலைக்கு மேலேயே தொட்டுக் காட்டுவாள். கேட்பவர் கண் கலங்கினால்தான் விடுவாள். நல்ல காரியம்தான் செய்தாள், யார் இல்லையென்றது? ஆனால் கதையில் பாதியை மட்டும் மடித்து உள்ளே தைத்துவிடுவாள்.

சேதுபதியின் உடம்பில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது. எப்போது வந்ததென்று அவனுக்கே தெரியாது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டும். அது சாக்கென்று அடங்கிக் கிடக்கும் கிருமி எழுந்து ஈரலைக் கெடுத்துவிடும். அப்படி எழாமல் இருக்க என்டெகாவிர் என்று ஒரு மாத்திரை, தினமும் காலையில் வெறும் வயிற்றில்.

பூவம்மாவுக்குத் தடுப்பூசி போட்டு, அது பலித்திருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளிடமிருந்து கிட்னியை எடுத்தார்கள். தட்டு, டம்ளர் மூலமாக இது பரவாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். பூவம்மா நன்றாகத் தலையாட்டினாள். தம்பியும் கூடவே இருக்கும் பிடோக் வீட்டுக்கு வந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தாள். தம்பிக்கு எது கொடுத்தாலும் அதில்தான். அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு வருடம் இப்படியே போனது. பிறகு பூவம்மாவின் மகன் திலீப்புக்கு மலேசியாவில், ஈப்போவில் பெண் நிச்சயமானது. பெண்ணைப் பெற்றவர்கள் பத்து நாள் வந்து தங்குவதாக இருந்தார்கள். சம்பந்தியம்மாள் ஓய்வுபெற்ற நர்ஸ். அவர்கள் வருவதற்கு முந்தின நாள், ஃப்ரிட்ஜ் மேலிருந்த மருந்துக் கூடையிலிருந்து என்டெகாவிர் பெட்டியை மட்டும் பூவம்மா எடுத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும் சேது. அந்தம்மா பேரைப் பாத்ததும் கண்டுபிடிச்சிடும். கிட்னின்னா ஓகே லா. இதுன்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? காலைல நானே எடுத்துத் தரேன்."

"சரிக்கா," என்றான். கிட்னி கொடுத்தவள் சொன்னால் வேறென்ன சொல்வான்?

பெட்டி பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் போனது. இரண்டு நாள் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள், சம்பந்திகளை சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகும் அவசரம். அவர்கள் ஊருக்குப் போன பிறகு மண்டபம், பத்திரிகை என்று தலைக்கு மேல் வேலை. சத்தியமாக மறந்துதான் போனாள். ஆறு வாரம் ஓடிவிட்டது.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சங்கீதா திரையைப் பார்த்தபடியே கேட்டார். "அங்கிள், லிவர் ரீடிங் எகிறியிருக்கு. வைரஸ் திரும்ப வந்திருக்கு. மாத்திரை எடுக்கலையா?"

பூவம்மாவுக்கு அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது.

"மறந்துட்டேன் டாக்டர். ஆறு வாரம் இருக்கும்," என்றான் சேதுபதி, அக்காவைப் பார்க்காமல்.

"ஆறு வாரமா? லிவர் ஃபெயிலாகியிருந்தா என்ன பண்ணுவீங்க? இவங்க தன் கிட்னியையே குடுத்திருக்காங்க. அதுக்கு நீங்க காட்டுற மரியாதை இதானா? இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்?"

ஊரெல்லாம் கேட்டு வாங்கிய பாராட்டு, இன்று கேட்காமலே வந்தது. வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். பூவம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள். "ஏன்டா கேக்கல?"

"நீ அதைத் தொடும்போது உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும்கா. கேக்க வெக்கமா இருந்துச்சு."

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனான். ஒரு டம்ளரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான், வைத்துவிட்டான். அடுத்ததையும் அப்படியே. மூன்றாவதில் சிவப்புப் புள்ளி இருந்தது. அதில் தண்ணீர் பிடித்தான்.

"எத்தனை நாளா தெரியும்?" என்று கேட்டாள் பூவம்மா.

"நீ வச்ச அன்னைலேர்ந்துதான். தவறி உங்க டம்ளர்ல குடிச்சிடக் கூடாதுல்ல?"

வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் உடம்பிலிருந்து ஒரு உறுப்பையே அவனுக்குள் வைத்துவிட்டு, அவன் வாய் பட்ட டம்ளருக்கு அருவருத்திருக்கிறாள். அன்றிலிருந்து கடையில் கிட்னிக் கதை நின்றுபோனது.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் முன்னால் உட்காருவதற்குள் சொல்லிவிட்டாள். "மாத்திரையை ஒளிச்சு வச்சது நான்தான் டாக்டர். எடுத்துக் குடுக்க மறந்ததும் நான்தான். அவன் மேல தப்பில்ல."

டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டார். கிருமி இறங்க ஆரம்பித்திருக்கிறது, இனி ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று சேதுபதியிடம் சொன்னார். அன்று பூவம்மாவை அவர் பாராட்டவில்லை.

அன்று சாயங்காலம் பூவம்மா நகப்பூச்சு அழிக்கும் மருந்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அந்தப் புள்ளியை அழித்தாள். மனசு கொஞ்சம் லேசானது போலிருந்தது.

மறுநாள் காலையில் டீ போட எழுந்து வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சேதுபதி உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டம்ளராகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா டம்ளரையும் பார்த்துவிட்டான். பிறகு மாத்திரையை வாயில் போட்டு, குழாயைத் திறந்து, கையில் தண்ணீர் பிடித்துக் குடித்தான்.